நின்றுபோன இன்ஜினும் நான் கேட்காத கேள்வியும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் என்னை கேன்டீன் வாசலில் மடக்கினார். "எனக்குக் கவிதை வராதே" என்றேன். "கவிதை ஏற்கனவே நாற்பது வந்து குவிஞ்சு கிடக்கு. நீ மெக்கானிக்கல்தானே, தெரிஞ்ச விஷயத்தை எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் அப்பாவின் பழைய வள்ளத்து இன்ஜின். அதுவும் 'தெரியும்' என்று நினைத்து மண்ணைக் கவ்விய கதை. சிரித்துக்கொண்டே படியுங்கள், ஆனால் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்!

எங்கள் ஊர் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். அப்பாவிடம் ஒரு பைபர் வள்ளம் இருக்கிறது. அதில் 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு இன்ஜின். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும். செகண்ட் ஹேண்டாக வாங்கியது, வயது பதினான்கு. (கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு கம்பெனியுடையது அல்ல என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.)

போன ஆண்டு ஒரு நாள் கணவாய்த் தூண்டிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் முழு வேகத்தில் திரும்பும்போது இன்ஜின் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆனது. மறுபடி நின்றது. காற்றும் நீவாடும் சேர்ந்து வள்ளத்தை வெளியே தள்ள ஆரம்பித்தன. செல்போனில் சிக்னல் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் துடுப்புப் போட்டுக் கை அசந்துபோன பிறகு, இருட்டும் நேரத்தில் வேறொரு வள்ளம் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. அம்மா கரையில் நின்ற கோலத்தை நான் எழுதப் போவதில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் இதே போல மூன்று முறை! மெக்கானிக் அண்ணன் பிளக் மாற்றினார், கார்ப்பரேட்டர் கழுவினார், பெட்ரோல் பம்புக்குப் புது ரப்பர் போட்டார். பலன் இல்லை. கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "அது செத்த இன்ஜின் மக்களே. செத்ததுக்கு எத்தனை மருந்து குடுப்ப? வித்துட்டுப் புதுசு எடுப்போம்." புது இன்ஜின் ஒரு லட்சத்துக்கு மேல். அதற்கு வழி அம்மாவின் செயின் ஒன்றுதான். நான் "ஒரு வாரம் டைம் குடுங்கப்பா" என்று கேட்டு வாங்கினேன். அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

இன்ஜினுக்கு என்ன வேண்டும்?

வெளியே தொங்கவிடும் மோட்டாரை வியாபார அளவில் வெற்றியாக்கியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். அவர் 1909-ல் விற்பனையைத் தொடங்கினார். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஆனால் இன்ஜின் கேட்பது மட்டும் மாறவே இல்லை. சரியான அளவில் எரிபொருளும் காற்றும், சரியான நேரத்தில் தீப்பொறி, போதுமான கம்ப்ரஷன். இந்த மூன்றும் முதலாண்டிலேயே நாம் படித்ததுதான். கடல் இன்ஜினுக்கு நான்காவது ஒன்று உண்டு. அது குளிர்விக்கும் தண்ணீர்.

இன்ஜின் கோளாறு எதுவாக இருந்தாலும் இந்த நான்கில் ஒன்று கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆகவே முதல் கேள்வி "எந்தப் பார்ட் போச்சு?" என்பதல்ல. "நாலில் எது வரவில்லை?" என்பதுதான். பார்ட் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. கேள்வி நான்கே நான்கு!

மண்ணெண்ணெய் சங்கதி

வண்டி ஓட்டுகிற நண்பர்களுக்கு இது புதிது, அதனால் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் குளிரிலும் ஆவியாகும். அதன் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு அதுவே பூஜ்யத்துக்கு மேலே ஏறத்தாழ 38 டிகிரி. எனவே குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகவே நிற்கும், பிளக்கை நனைக்கும், தீப்பிடிக்காது. அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் காக்கைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம்.

நிறுத்தும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கரைக்கு வருவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் உள்ள மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்து பெட்ரோல் நிற்க வேண்டும். இதை மறந்தால் மறுநாள் காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் கழறும். மறந்துவிட்டீர்களா? கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி மண்ணெண்ணெயை ஒரு டப்பாவில் பிடித்துவிட்டுப் பெட்ரோலை நிரப்புங்கள். பாதி 'செத்த' இன்ஜின்கள் இதிலேயே உயிர் பெற்றுவிடும்.

இன்னொன்று, டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிபொருளோடு கலந்த ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் மசகு. 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. கணக்கு நமக்கு வரும், ஆனால் கரையில் இருட்டில் கண் அளவாக ஊற்றுவதே வழக்கம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக்கில் கரி ஏறும். உங்கள் இன்ஜின் புத்தகத்தில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதையே அளந்து ஊற்றுங்கள்.

ஸ்டார்ட்டே ஆகவில்லையா?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டியவை இவை.

1. கில் சுவிட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா? கையில் கட்டும் சிவப்புக் கயிற்றின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக்தான். அது இல்லாவிட்டால் தீப்பொறி வரவே வராது.

2. கியர் நியூட்ரலில் இருக்கிறதா?

3. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? ரப்பர் பல்பை அமுக்கினால் கெட்டிப்படுகிறதா?

இவ்வளவும் சரியென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் மூக்கு இன்ஜினின் டைரி மாதிரி, நடந்ததை எல்லாம் எழுதி வைத்திருக்கும். காப்பிப் பொடி நிறமாக இருந்தால் ஆரோக்கியம். கன்னங்கரேலென்று காய்ந்த கரி இருந்தால் எரிபொருளோ ஆயிலோ அதிகம். எண்ணெயில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது, தீ பிடிக்கவில்லை. வெள்ளையாக வெந்து கொப்பளித்திருந்தால் கலவையில் எரிபொருள் குறைவு, அல்லது தண்ணீர் ஓடாமல் அதிகச் சூடு. தண்ணீர்த் துளியோ துருவோ தெரிந்தால் சிலிண்டருக்குள் கடல் வந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

அடுத்து தீப்பொறி. பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் இரும்பில் நன்றாக ஒட்டிப் பிடித்து ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். நீலமாக 'சட்'டென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்தால் பலவீனம். எர்த் இல்லாமல் சும்மா விட்டு இழுக்காதீர்கள், போக வழியில்லாத மின்சாரம் சி.டி.ஐ. பெட்டியைக் கெடுக்கும். பெட்ரோல் சிந்திய இடத்திலும் இதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்!

தீப்பொறியும் எரிபொருளும் இருந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கம்ப்ரஷன். கேஜ் இருந்தால் இரண்டு சிலிண்டரையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிட வெகுவாகக் குறைந்தால் ரிங் அல்லது கேஸ்கெட். கேஜ் இல்லையா? பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக் கயிற்றை இழுங்கள். விரலைத் தூக்கி எறிய வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லையா?

இன்ஜின் கத்துகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் கோளாறு இன்ஜினில் இல்லை, கீழே இருக்கிறது. சின்ன இன்ஜின்களில் விசிறியைத் தண்டோடு பிடிப்பது ஒரு சின்ன ஷியர் பின். பாறையிலோ மரத்துண்டிலோ விசிறி மோதினால் கியர் உடையாமல் இருக்க அந்தப் பின் தன்னையே பலி கொடுக்கும். (அதற்குப் பதில் 'இனிமே உடையாது' என்று கெட்டி இரும்பு ஆணியை அடித்து வைப்பவர்கள் உண்டு. பின் உடையாது, கியர் உடையும்!) வேறு இன்ஜின்களில் பின்னுக்குப் பதில் விசிறி நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். அது வழுக்குகிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. நடுக்குடத்துக்கும் விசிறிக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

பாதி சக்தியில் தள்ளாடினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக் கேப்பைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி இரும்போடு இறுகக் கட்டி எர்த் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எந்தச் சிலிண்டரின் கேப்பைக் கழற்றியும் சத்தத்தில் வித்தியாசம் வரவில்லையோ, அதுதான் ஏற்கனவே தூங்கிக்கொண்டிருந்த சிலிண்டர்.

சூடு விஷயம். இன்ஜின் பின்னால் ஒரு சின்ன ஓட்டையில் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் நாடி. நின்றால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். முதலில் அந்த ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள், உப்பு அடைத்திருக்கலாம். பிறகு கீழே தண்ணீர் இழுக்கும் வாயில் பிளாஸ்டிக் காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வாட்டர் பம்பு இம்பெல்லர். அது ரப்பர் இறகுகள் கொண்ட சக்கரம். தண்ணீரே மசகு என்பதால் கரையில் வெறுமனே 'சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன்' என்று ஓட்டினால் சில நொடிகளிலேயே கருக ஆரம்பிக்கும். ஓட்டிப் பார்ப்பதென்றால் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இன்ஜினை இறக்கி ஓட்டுங்கள். உள்ளே படிந்த உப்பும் கழுவப்படும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

கியர் ஆயிலையும் அவ்வப்போது பாருங்கள். பால் காப்பி மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஓடி ஓடி நிற்கிறதா?

இப்போது எங்கள் வீட்டுக் கோளாறுக்கு வருவோம். காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். மெதுவாக ஓட்டினால் நாள் முழுக்க ஓடும். முழு வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஓடியதும் உயிர் போகும். பத்து நிமிடம் விட்டால் மறுபடி உயிர் வரும்.

இதற்குப் பெரிய சந்தேக நபர்கள் இரண்டு பேர். ஒன்று காயில். காயிலின் உள்ளே கம்பி மெல்லிய விரிசல் விட்டிருந்தால், குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறியதும் விரிந்து விலகும். ஆறியதும் மறுபடி தொடும். இரண்டு, எரிபொருள் தட்டுப்பாடு. மெதுவாக ஓடும்போது போதுமான அளவு வரும். வேகத்தில் கேட்கிற அளவு வராது, கார்ப்பரேட்டர் கிண்ணம் வற்றி நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் கிண்ணம் நிறைந்து மறுபடி ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி!

நான் என்ன செய்தேன் தெரியுமா? காயில் விஷயத்தை அப்போதுதான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தது எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்! என் ஸ்காலர்ஷிப் பணத்தில் புதுக் காயில் வாங்கினேன். கூடவே புதுப் பிளக்கும் போட்டேன். எரிபொருள் டியூபின் முனை லூசாகத் தெரிந்ததால், அதை ஒரு அங்குலம் வெட்டிப் புதுக் கிளிப்பும் போட்டேன். அப்பா கடலுக்குப் போனார். இரண்டு நாள் இன்ஜின் நிற்கவே இல்லை. தெருவில் நான் ஹீரோ. "படிச்ச பையன்லா!" என்றார் சித்தப்பா.

மூன்றாம் நாள் மறுபடி நின்றது.

அந்த இரவு அப்பா ஒன்றும் திட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நீ போட்டதெல்லாம் நல்ல சாமான்தான் மக்களே. ஆனா நிக்கிற நேரத்துல பல்பை நாலு அமுக்கு அமுக்குனா கொஞ்சம் ஓடும். அதை முதல்லேர்ந்தே சொல்லணும்னு நினைச்சேன். நீ கேக்கல."

நான் கேட்கவில்லை! கடலில் அந்த இன்ஜினோடு பல ஆண்டு இருந்தவர் அவர். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் புத்தகத்திடம் மட்டும் கேட்டிருக்கிறேன். காயில் போயிருந்தால் பல்பை அமுக்கி என்ன பிரயோஜனம்? எண்ணெயை அழுத்தித் தள்ளினால் ஓடுகிறது என்றால், தட்டுப்பாடு எண்ணெயில்தானே! அந்த ஒரு வரியில் பாதி இன்ஜின் வழக்கிலிருந்து விடுதலை ஆகிவிட்டது.

பல்பு சொல்லும் சாட்சி

எரிபொருள் பாதையை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டேங்க், டியூப், ரப்பர் பல்பு, மறுபடி டியூப், கனெக்டர், பில்டர், பம்பு, கார்ப்பரேட்டர். பம்பு என்பது ஒரு சின்ன ரப்பர் சவ்வு. டூ ஸ்ட்ரோக்கின் கிராங்க் கேஸில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கிறது அல்லவா, அந்தத் துடிப்பிலேயே சவ்வு ஆடி எண்ணெயை இழுக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் நொடிக்கு 83 துடிப்பு.

இன்ஜின் சாகும் அந்த நிமிடத்தில் பல்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பல்பு உறிஞ்சப்பட்டுத் தட்டையாக இருந்தால், அடைப்பு பல்புக்கு முன்னால். டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கலாம், டேங்குக்குள் இருக்கும் வலை அடைத்திருக்கலாம். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் திருகுதான் குற்றவாளி.

எவ்வளவு அமுக்கியும் பல்பு கெட்டிப்படவே இல்லை என்றால், எங்கோ காற்றுப் புகுகிறது. அல்லது பல்புக்குள் உள்ள வால்வு போய்விட்டது.

பல்பு நல்ல நிலையில் இருக்கிறது, அமுக்கினால் இன்ஜின் பிழைக்கிறது என்றால், கோளாறு பல்புக்குப் பின்னால். அந்த டியூப், கனெக்டர், பில்டர், பம்பு, இவற்றில் ஒன்று.

எங்களுடையது மூன்றாவது வகை. பம்பு ரப்பர் மெக்கானிக் அண்ணன் ஏற்கனவே புதிதாகப் போட்டது. பில்டர் கண்ணாடி போலச் சுத்தம். மிச்சம் டியூபும் கனெக்டரும். ஆனால் டியூப் வெளியே நல்ல கருப்பாக, வெடிப்பில்லாமல் இருந்தது. ஊதினால் காற்றுப் போனது. யார் சந்தேகப்படுவார்கள்?

இம்முறை நான் எதையும் வாங்கவில்லை. இரவல் கேட்டேன். பக்கத்து வள்ளத்து மாமாவிடம் இருப்பதும் அதே மாதிரி இன்ஜின்தான், கனெக்டர் பொருந்தும். கரைக்குப் பக்கத்திலேயே துடுப்பும் நங்கூரமும் வைத்துக்கொண்டு மூன்று சோதனை செய்தோம்.

முதல் சோதனை, மாமாவின் டேங்கும் மாமாவின் டியூபும். முழு வேகத்தில் நாற்பது நிமிடம். நிற்கவில்லை. ஆக எங்கள் இன்ஜின் நிரபராதி!

இரண்டாவது, எங்கள் டேங்க், மாமாவின் டியூப். நிற்கவில்லை. டேங்கும் நிரபராதி.

மூன்றாவது, மாமாவின் டேங்க், எங்கள் டியூப். பன்னிரண்டாவது நிமிடம் இன்ஜின் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். நான் டியூபைப் பார்த்தேன்.

பாம்புச் சட்டை

கரைக்கு வந்து பல்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்த டியூபைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். உள்ளே மெல்லிய ரப்பர் தோல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட டியூப் ஒரே ரப்பர் அல்ல, உள்ளே ஒரு தோல், வெளியே ஒரு தோல். பழையதாகும்போது எண்ணெய் ஊறி உள்தோல் பிரிந்துவிடும். பம்பு உறிஞ்சும்போது அந்தத் தோல் மடங்கி வழியை அடைக்கும். வேகம் கூடக் கூட உறிஞ்சலும் கூடும், அடைப்பும் கூடும். பல்பை அமுக்கினால் உள்ளிருந்து வரும் அழுத்தம் தோலைச் சுவரோடு ஒட்டவைத்து வழி திறக்கும். ஊதிப் பார்த்தபோது காற்றுப் போனதும் இதனால்தான். நாங்கள் தள்ளிப் பார்த்தோம், இன்ஜினோ இழுத்துப் பார்த்தது!

அப்படியென்றால் அந்த இரண்டு நாள் எப்படி ஓடியது? நான் முனையில் ஒரு அங்குலம் வெட்டினேனே, அங்கே தொங்கிய தோலும் சேர்ந்து போயிருக்கிறது. மிச்சம் உரிய இரண்டு நாள் ஆகியிருக்கிறது. அதாவது கோளாறை நான் அன்றே கையால் தொட்டிருக்கிறேன், என்னையறியாமல்! காயில், பிளக், டியூப் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் பெயர் காயிலுக்குப் போய்விட்டது. டியூபை மட்டும் தொட்டிருந்தால் அன்றே புரிந்திருக்கும்.

புது டியூபும் பல்பும் வாங்க ஆன செலவு, காயிலுக்கு நான் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை. இன்ஜின் இன்றும் ஓடுகிறது. செயின் அம்மா கழுத்திலேயே இருக்கிறது.

பழைய இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் டியூப், வாஷர், சவ்வு பலவும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். ஆகவே மாதம் ஒருமுறை டேங்கின் அடி எண்ணெயைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் தனியாக அடியில் நின்று காட்டிக் கொடுத்துவிடும்.

கடலில் விழுந்த இன்ஜின்

ஊரில் பலரும் தப்பாகச் செய்வது இது, அதனால் சொல்லிவிடுகிறேன். அலையில் வள்ளம் கவிழ்ந்து இன்ஜின் முங்கிவிட்டால் வெயிலில் காயப் போடாதீர்கள்! உப்புத் தண்ணீர் காற்றோடு சேர்ந்ததும் பேரிங்கைத் துரு தின்ன ஆரம்பிக்கும். உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைச் சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கயிறு இறுகினால் பலவந்தம் வேண்டாம். கார்ப்பரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, சில மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். அன்றைக்கே முடியாது என்றால் நல்ல தண்ணீர் டிரம்மில் முழுக்க முக்கியே வையுங்கள், மெக்கானிக் வரும் வரை. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் காற்றுப் படாத இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்காது.

வள்ளத்தில் எப்போதும் இருக்க வேண்டியவை

பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பிளையர், 10 நம்பர் ஸ்பேனர், ஷியர் பின், ஸ்பிளிட் பின், ஒரு கயிறு (ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் பிளைவீலில் சுற்றி இழுக்க), ஒரு மீட்டர் எரிபொருள் டியூப், நான்கு கிளிப், மெல்லிய கம்பி, டார்ச். இவற்றோடு துடுப்பும் நங்கூரமும் லைப் ஜாக்கெட்டும். இன்ஜின் நின்றால் முதல் வேலை ஸ்பேனர் அல்ல, நங்கூரம். நங்கூரம் பிடித்தால் நீவாடு உங்களை இழுத்துப் போகாது, பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

நான் கற்றுக்கொண்டது

தோழர்களே, இதை எல்லாம் இன்ஜினுக்காக மட்டும் எழுதவில்லை. எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு மோட்டார் நிற்கும், எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு போர்டு நிற்கும், சிவில் நண்பர்களுக்குச் சுவர் ஒழுகும். வழி எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதலில் அதை ஓட்டுகிறவரைக் கேள். எப்போது நிற்கிறது, நிற்பதற்கு முன் என்ன ஆகிறது, என்ன செய்தால் பிழைக்கிறது என்று மூன்றையும் கேட்டு நோட்டில் எழுது. பாதையைப் பாதியாகப் பிரித்து எந்தப் பாதியில் கோளாறு என்று பார். காசில்லாத சோதனையை முதலில் செய், காசு போகும் சோதனையைக் கடைசியில் செய். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. சரியாகிவிட்டாலும், ஏன் சரியானது என்று தெரியும் வரை விடாதே. தெரியாமல் சரியானது தெரியாமலே மறுபடி கெடும்.

அந்தக் கிழித்த டியூப் துண்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. போன மாதம் எங்கள் ஒர்க்ஷாப் சார் அதைப் பார்த்துவிட்டு, முதலாண்டு மாணவர்களிடம் காட்டுவதற்குக் கேட்டார். பாதி வெட்டிக் கொடுத்தேன். மீதியைக் கொடுக்க மாட்டேன். நாளைக்கு வேலைக்குப் போய் "எனக்கு எல்லாம் தெரியும்" என்ற நினைப்பு வரும்போது எடுத்துப் பார்க்க அது வேண்டும்.

அப்பா இப்போதெல்லாம் கடலிலிருந்து வந்ததும் அவராகவே சொல்கிறார்: "இன்னைக்கு எப்படி ஓடிச்சுன்னு கேளு மக்களே." நானும் மறக்காமல் கேட்கிறேன்.